போரின் பெயரால் பூட்டிய விலங்கு

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுத் தெற்கே விரைந்த 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை, யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் தாக்கி மூழ்கடித்தன. முந்நூறுக்கு மேற்பட்டோர் அன்று உயிரிழந்தனர். அக்கப்பல் நமது கீழ்க்கரைக் கடலின் அடியிலே இன்றும் கிடக்கின்றது.

அதே வாரத்தில் மலைநாட்டிலே மற்றுமொரு நிகழ்ச்சி நடைபெற்றது. ஏறத்தாழ இரண்டாண்டுகளாக விசாரணையின்றி அடைபட்டிருந்த நால்வர், சிறைக்காவலர் ஒருவரின் துணையுடன் கண்டிச் சிறையிலிருந்து இரவோடிரவாக வெளியேறி மறைந்தனர். என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி என்போரே அந்நால்வர். நால்வரும் இலங்கைச் சமசமாஜக் கட்சியின் தலைவர்கள். அவர்கள் செய்த குற்றம் யாது? எவரையும் கொன்றாரல்லர், எதிரிக்கு உளவு கூறினாரல்லர். இது ஏகாதிபத்தியங்கள் தமக்குள் நடத்தும் போர் என்றும், அடிமைப்பட்ட நாட்டு மக்கள் இதற்குப் பலியாக வேண்டியதில்லை என்றும் கூறினர். தோட்டத் தொழிலாளரின் வேலைநிறுத்தங்களுக்குத் துணைநின்றனர்.

போர் வரலாறு எழுதுவோர் முதல் நிகழ்ச்சியைக் குறிப்பிடுவர். கட்சி வரலாறு எழுதுவோர் இரண்டாவதைக் குறிப்பிடுவர். இரண்டையும் ஒருசேர வைத்து நோக்குவோர் சிலரே. எனினும், போரில் ஈடுபடும் ஒவ்வோர் அரசும் இரு முனைகளிற் போரிடுகின்றது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்கு உணர்த்துகின்றன. ஒன்று வெளிப்பகைவனோடு, மற்றொன்று, அப்போரின் நியாயத்தைக் கேள்விக்குட்படுத்தும் சொந்த நாட்டு மக்களோடு. முதல் முனையிலே என்றோ ஒரு நாள் சமாதானம் வருகின்றது. இரண்டாவது முனையிலோ, போருக்கென்று பூட்டிய விலங்கு போர் முடிந்தபின்னும் கழற்றப்படுவதில்லை. பூட்டும்போது யாருக்கு என்று சொல்லப்பட்டதோ அவனோடு அது நிற்பதுமில்லை. கடந்த நூறாண்டுகால இலங்கை வரலாறு இதனை மீண்டும் மீண்டும் மெய்ப்பித்திருக்கின்றது.

இவ்வரலாற்றின் தொடக்கத்தை முதலாம் உலகப்போரிற் காணலாம். 1915ஆம் ஆண்டு மே மாத இறுதியில், வெசாக் காலத்தில், கண்டியிலே மூண்ட கலவரம் மேல் மாகாணம் முதலிய பகுதிகளுக்கும் பரவிற்று. முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் ஆயிரக்கணக்கிற் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன, உயிர்களும் பறிபோயின. இவற்றைச் செய்தோரைச் சட்டத்தின்முன் நிறுத்தித் தண்டிப்பது அரசின் கடமை. ஆனால் தேசாதிபதி றொபேட் சால்மர்சின் அரசாங்கம் செய்தது வேறு. ஐரோப்பாவிலே ஜேர்மனியோடு போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. கலவரத்தின் பின்னே இராசத்துரோகச் சதி இருக்கின்றதென்று அஞ்சிய ஆட்சியாளர், யூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தனர். கலவரம் சில நாள்களில் அடங்கிற்று. இராணுவச் சட்டமோ ஆகஸ்ட் 30ஆம் திகதி வரை நீடித்தது. மதுவிலக்கு இயக்கத்தில் முன்னின்ற டி. பி. ஜயதிலக, எவ். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க முதலியோர் சிறையிலிடப்பட்டனர். ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி யூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

சட்டநிரூபண சபையிலே இக்கொடுமைகளைத் துணிந்து கண்டித்தவர் சேர். பொன்னம்பலம் இராமநாதன். அவருடைய உரைகள் 1916இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. அந்நியர் ஆட்சியிலே, போர்க்காலத்திலே, வேறோர் இனத்தவருக்காக ஒரு தமிழர் குரல்கொடுத்தது சிறப்பிற்குரியதே. எனினும் இங்கு ஒன்றை மறைத்தலாகாது. இராணுவச் சட்டத்தால் வருந்தியோருக்காக முழங்கிய அவ்வுரைகளிலே, கலவரத்தால் வருந்தியோருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற மனக்குறை முஸ்லிம் மக்களிடையே நெடுங்காலம் நிலைத்தது. அம்மனக்குறை நியாயமற்றதன்று. விசாரணையின்றிச் சுடப்படாதிருப்பது ஒருவனது உரிமை. தன் வீடு எரிக்கப்படாதிருப்பது மற்றொருவனது உரிமை. ஒன்றைக் காப்பதற்கு மற்றொன்றைக் குறைத்துப் பேசவேண்டிய தேவையில்லை. உரிமையைத் துண்டாடி, ஒரு துண்டை மட்டும் காக்க முற்படும் இக்குறை, பின்வந்த நம் அரசியல் முழுவதையும் தொடர்ந்து வந்துள்ளது. அதனாலேயே இதனை விரித்துரைத்தோம்.

அக்காலத்தில் இது இலங்கைக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்திலே பேட்ரன்ட் ரசல் 1918இல் போருக்கெதிராக எழுதியமைக்காக ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அமெரிக்காவிலே சோசலிசத் தலைவர் யூஜின் டெப்ஸ் அதே ஆண்டிற் செய்த ஒரு சொற்பொழிவுக்காகப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பெற்றார். இந்தியாவிலே போருக்கென்று 1915இல் இயற்றப்பட்ட பாதுகாப்புச் சட்டத்தின் அதிகாரங்களைப் போர் முடிந்தபின்னும் நீடிக்கச் செய்வதற்காகவே 1919இல் ரௌலட் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதனை எதிர்த்தெழுந்த கிளர்ச்சியின்போதே, ஏப்ரல் 13ஆம் திகதி ஜாலியன்வாலாபாக்கில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். போர்ச் சட்டம் சமாதான காலத்திற்குள் நுழையும் வழியை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகின்றது.

போர் முடிந்த நாளை நினைவுகூர நவம்பர் 11ஆம் திகதிதோறும் இலங்கையிலே பொப்பி மலர் விற்கப்பட்டது. திரட்டிய பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியப் போர்வீரரின் நலனுக்கே சென்றது. இதற்கு மறுப்பாக, 1931இல் ஏலியன் பெரேரா சூரியமல் விற்பனையைத் தொடக்கிவைத்தார். 1933 முதல் கொழும்பின் இளைஞர் கழகத்தவர் அதனை ஓர் ஏகாதிபத்திய எதிர்ப்பு, போர் எதிர்ப்பு இயக்கமாக வளர்த்தனர். சூரியமல் என்பது நம் ஊர்களிலே வேலியோரத்தில் நிற்கும் பூவரசின் மலரே. ஒரு பாடசாலையின் அதிபராயிருந்த டொரீன் யங் என்னும் ஆங்கிலப் பெண்மணி அவ்வியக்கத்தின் தலைவியாயிருந்தார் என்பது ஆசிரியர்களாகிய நாம் அறியவேண்டியது. சேர்ந்த பணம் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த சிறுமி ஒருத்தியின் கல்விக்குச் செலவிடப்பட்டது. 1934, 1935ஆம் ஆண்டுகளின் கொடிய மலேரியாக் காய்ச்சலின்போது இவ்வியக்கத்தினர் கிராமங்களிற் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். 1935 டிசெம்பரிற் பிறந்த சமசமாஜக் கட்சி இவ்வியக்கத்திலிருந்து உருவானதே.

இவ்வாறு வளர்ந்த சக்தியை ஆட்சியாளர் முதன்முதல் நேரடியாகச் சந்தித்தது 1937இல். அவுஸ்திரேலியாவிலிருந்து தேயிலைத் தோட்டத் தொழில் பயில வந்த பிரேஸ்கேடில் என்னும் இளைஞர், மடுல்கலைப் பகுதியில் ஒரு தோட்டத்திற் சின்னத்துரையாயிருந்தார். தொழிலாளரின் பக்கம் நின்றமையால் வேலையிழந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் திகதி, இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய கலந்துகொண்ட நாவலப்பிட்டிக் கூட்டத்திலே, வெள்ளையரான அவர் மேடையேறித் தோட்டத் துரைமாரின் கொடுமைகளை எடுத்துரைத்தார். துரைமார் கொதித்தெழுந்தனர். அவரை 24ஆம் திகதிக்குள் நாட்டைவிட்டு வெளியேறுமாறு தேசாதிபதி ஸ்டப்ஸ் ஆணையிட்டார். அவரோ கப்பலேறாமல் மறைந்தார். அரசாங்க சபை தேசாதிபதியின் செயலைக் கண்டித்து 7 வாக்குகளுக்கு எதிராக 34 என்ற பெரும்பான்மையால் தீர்மானம் நிறைவேற்றிற்று. காலிமுகத்திடலிலே பல்லாயிரவர் திரண்ட கூட்டத்தில் அவர் மக்கள்முன் தோன்றினார்.

அவர் கைதுசெய்யப்பட்டபோது ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. தேசாதிபதி பயன்படுத்திய அதிகாரம் 1896ஆம் ஆண்டின் அரசாணை ஒன்றிலிருந்து பெறப்பட்டது. போர், பெருங்கிளர்ச்சி போன்ற அவசர நிலைகளுக்கென்றே அவ்வாணை இயற்றப்பட்டதாகலின், அமைதிக் காலத்திலே பேச்சுரிமையைப் பயன்படுத்திய ஒருவரை அதன்கீழ் நாடு கடத்த இயலாதென்று பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையிலான நீதியரசர்கள் மே 18ஆம் திகதி தீர்ப்பளித்தனர். போருக்கென்று செய்த கருவியை அமைதிக் காலத்தில் எடுக்கலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். நம் நாட்டுச் சிவில் உரிமை வரலாற்றிலே இதற்கிணையான தீர்ப்புகள் மிகச் சிலவே.

ஆனால் இரண்டாண்டுகளில் மெய்யாகவே போர் வந்தது. 1939 செப்ரெம்பரில் இங்கிலாந்து போர்ப் பிரகடனஞ் செய்ததும் இலங்கையும், எவரும் கேளாமலே, போரில் ஈடுபட்ட நாடாயிற்று. மலைநாட்டிலே தொழிலாளர் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தஞ் செய்தனர். 1940 சனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்திலே பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர்நீத்தார். அதுபற்றிய விசாரணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவி சார்பிற் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். வேலைநிறுத்தங்கள் ஊவாவிற்கும் பரவின. யூன் மாதத்தில் மேற்கூறிய நால்வரும் கைதாயினர். அவர்களுள் பெரேராவும் குணவர்த்தனவும் அரசாங்க சபையின் அங்கத்தவர்கள். கட்சி மறைவில் இயங்க வேண்டியதாயிற்று; 1942இல் அது தடைசெய்யவும் பட்டது. நீதிமன்றம் செய்யவொண்ணாதென்று 1937இல் தடுத்ததை, 1940இல் போர்க்கால ஒழுங்குவிதிகள் தடையின்றிச் செய்துமுடித்தன.

இங்கே நம்முட் பலரும் ஒரு கேள்வியை எழுப்பக்கூடும். பாசிசம் உலகையே விழுங்க முனைந்த வேளையில் போரை எதிர்த்தது சரியா? இடதுசாரிகளே இதில் ஒருமனப்பட்டாரல்லர். 1940இற் சமசமாஜக் கட்சியினின்றும் விலக்கப்பட்ட டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலியோர், 1941இல் சோவியத் நாடு தாக்கப்பட்டபின் அதனை மக்கள் யுத்தம் என்று கொண்டனர். 1943இல் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தனர். எத்தரப்பின் நிலைப்பாடு சரியானது என்பதை நாம் இன்றும் விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். அவ்வாறு விவாதிக்கத்தக்க ஒன்றைப் பேசியதற்காக ஒருவரை விசாரணையின்றி அடைப்பது சரியா என்பதோ விவாதத்திற்கு இடமற்றது. ஒரு கருத்தின் பிழையைக் காட்டவேண்டியது எதிர்வாதம். சிறைக்கதவு அதனைக் காட்டாது. உரிமையைக் காப்பதற்கு, உரிமையிழந்தவனின் கொள்கையோடு உடன்பட வேண்டிய அவசியமில்லை. இவ்வெளிய உண்மையை நம் நாடு கற்றுக்கொண்டிருப்பின் பின்வந்த அழிவுகள் பல நேர்ந்திரா.

கற்றுக்கொள்ளவில்லை என்பதற்குச் சான்று 1947. போர் முடிந்து இரண்டாண்டுகளும் ஆகவில்லை. அவ்வாண்டின் பொதுவேலைநிறுத்தத்தின்போது, யூன் 5ஆம் திகதி, கந்தசாமி என்னும் அரசாங்க எழுதுவினைஞர் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். அதே மாதத்திற் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. போர்க்காலத்தில் தேசாதிபதி பெற்றிருந்த அதிகாரங்களைப் போன்றவை, பகைவர் எவருமற்ற வேளையில், தொழிலாளருக்கெதிராக நிரந்தரச் சட்டமாக்கப்பட்டன. சுதந்திரம் 1948இல் வந்தது. சுதந்திர நாட்டின் முதல் முதுசங்களுள் ஒன்றாக இச்சட்டம் அதற்கு முன்னரே வந்து காத்திருந்தது. 1953ஆம் ஆண்டு ஹர்த்தாலின்போதும், 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தின்போதும் இதன்கீழேயே அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது.

இனி, இடதுசாரிகளாகிய நாம் தலைகுனிந்து கூறவேண்டியதொன்றுண்டு. 1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியின் இளைஞர் கிளர்ந்தெழுந்தபோது ஆட்சியிலிருந்தது ஐக்கிய முன்னணி. அதன் நிதியமைச்சர் என். எம். பெரேரா, பெருந்தோட்டத்துறைக்கும் அரசியலமைப்பு விவகாரங்களுக்கும் பொறுப்பான அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. கண்டிச் சிறையிலே விசாரணையின்றி இருந்தவர்களே அமைச்சரவையில் அமர்ந்திருக்க, ஆயிரக்கணக்கான கிராமத்து இளைஞர் கொல்லப்பட்டனர். பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் தடுத்துவைக்கப்பட்டனர். 1972ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம், பொலிசாரிடம் அளித்த வாக்குமூலத்தையே சான்றாக ஏற்க வழிவகுத்தது. கிளர்ச்சி சில வாரங்களில் ஒடுக்கப்பட்டும், அவசரகால நிலை 1977 வரை நீடித்தது. தனக்கு நேர்ந்தபோது கொடுமையென்றும், தான் ஆளும்போது அவசியமென்றும் ஒரே சட்டத்தைக் கருதினால், எதிர்த்தது சட்டத்தையன்று, அதைப் பிடித்திருந்த கையை மட்டுமே என்றாகிவிடும்.

அக்காலத்திலே மனச்சாட்சியின் குரல் முற்றாக அடங்கிவிடவுமில்லை. தொழிற்சங்கத் தலைவர் பாலா தம்பு, குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞருக்காக ஆணைக்குழுவின் முன் வாதாடினார். 1971இலேயே சிவில் உரிமைகள் இயக்கம் தோன்றிற்று. நாடகப் பேராசான் எதிரிவீர சரச்சந்திர அதன் தலைவரானார். நெடுங்காலம் அதன் செயலாளராகப் பணியாற்றிய சூரியா விக்கிரமசிங்க, சூரியமல் இயக்கத் தலைவி டொரீனின் மகள். ஏகாதிபத்தியப் போருக்கெதிராகத் தாய் தொடங்கிய பணியை, உள்நாட்டுச் சிறைகளின் முன் மகள் தொடர்ந்தார். இரண்டும் ஒரே பணி.

1979 யூலையில் ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசாங்கம் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. வடக்கிலே ஆயுதமேந்திய தமிழ் இளைஞரை அடக்குவதே அதன் நோக்கமென்று கூறப்பட்டது. ஓர் அமைச்சரின் ஆணையால் மும்மூன்று மாதங்களாகப் பதினெட்டு மாதங்கள் வரை ஒருவரைத் தடுத்துவைக்கலாம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன்னிலையில் அளித்த வாக்குமூலம் சான்றாகும். அது நிர்ப்பந்தத்தாற் பெறப்பட்டதென்று நிறுவும் பொறுப்பு, அதனை அளித்தவனையே சாரும். இவ்வாறு 1972இன் விதை 1979இல் முளைத்தது. 'தற்காலிக ஏற்பாடுகள்' என்னும் சொற்கள் அச்சட்டத்தின் பெயரிலேயே உள்ளன. மூன்றாண்டுகளுக்கென்று இயற்றிய அதனை 1982இல் நிரந்தரமாக்கினர். பெயரிலிருந்த 'தற்காலிக' என்ற சொல்லை மாற்றவில்லை.

போரைத் தடுக்க வந்ததாகக் கூறப்பட்ட சட்டம் போரைத் தடுத்ததா? 1983 யூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையிலே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். இச்சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டோர் அவர்களுட் பலர். சிறையும் காப்பற்ற இடம் என்று கண்ட இளைஞர், நீதிமன்றத்தை நம்புவதற்கு யாது காரணம் எஞ்சியிருந்தது? போர் தீவிரமானதற்குக் காரணங்கள் பல. இச்சட்டமும் அவற்றுள் ஒன்று.

போரை நடத்திய இரு தரப்பினருமே தத்தம் மக்களிடையே எழுந்த மறுப்புக் குரலைப் பொறுத்தாரல்லர். இராணுவத்தினதும் இயக்கங்களினதும் கொடுமைகளை ஒருங்கே பதிவுசெய்த மருத்துவ விரிவுரையாளர் ராஜனி திராணகம 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாணத்திலே சுட்டுக் கொல்லப்பட்டார். கொழும்பிலே போரின் கொடுமைகளைத் திங்களிதழ் ஒன்றில் எழுதிய பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகம் 2008இல் இச்சட்டத்தின்கீழ்க் கைதாகி, 2009 ஆகஸ்டில் இருபதாண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பெற்றார். போர் அவ்வாண்டு மே மாதத்திலேயே முடிந்திருந்தது. 2010இல் மன்னிப்பளிக்கப்பட்டது, எழுத்தைக் குற்றமாக்கிய சட்டம் அப்படியே இருந்தது.

இப்பொழுது நம் கரைக்கு வருவோம். பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரை தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் மாறிமாறி அமைந்த நிலம் இது. ஒரே மொழி பேசி, ஒரே கடலில் வலைவீசி, ஒரே வயல்வெளியில் உழுது வாழ்ந்த இருசாராரையும் போர் பகைவராக்கிற்று. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோரை விடுதலைப்புலிகள் கொன்று குவித்தனர். அதே மாதம் 12ஆம் திகதி, வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொலையுண்டனர். கல்முனையிலும் சூழவுள்ள ஊர்களிலும் அவ்வாண்டு பிடித்துச் செல்லப்பட்ட தமிழ் இளைஞர் பலர் மீளவேயில்லை. அவர்களின் தாய்மார் முகாம் முகாமாக அலைந்தபோது, அடுத்த ஊரிலே வாழ்ந்த நாம் என்ன செய்தோம்? அஞ்சியோர் உண்டு, உதவியோரும் உண்டு. பெரும்பாலோர், அது அவர்களுக்கும் அரசுக்கும் உள்ள விவகாரம் என்றிருந்தோம். நம் வீட்டிலும் சாவு விழுந்திருந்ததால் அடுத்த வீட்டு அழுகை நம் செவியில் ஏறவில்லை.

2019 வந்தது. ஏப்ரல் 21ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மனிதத் தன்மையற்ற அக்கொலையைக் கண்டிக்காத நெஞ்சம் நெஞ்சமன்று. 26ஆம் திகதி இரவு அக்கும்பலைச் சேர்ந்தோர் சாய்ந்தமருதிலே ஒரு வீட்டினுள் குண்டுகளை வெடிக்கவைத்து, தம் குழந்தைகளையும் கொன்று தாமும் மாண்டனர். அவர்கள் மறைந்திருந்த இடத்தைப் பொலிசாருக்கு அறிவித்தோர் யார்? ஐயுற்ற அவ்வூர் முஸ்லிம் மக்களே. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே காத்தான்குடி மக்கள் அக்கும்பலின் தலைவனைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். குண்டுவெடிப்புக்கு இரு வாரங்கள் முன்னரே வெளிநாட்டு உளவுத்துறையின் எச்சரிக்கையும் கிடைத்திருந்தது. கடமை தவறியமைக்காக அன்றைய சனாதிபதியும் உயரதிகாரிகளும் நட்டஈடு செலுத்தவேண்டுமென்று உயர் நீதிமன்றம் 2023 சனவரியில் தீர்ப்பளித்தது. அன்று அரசிடம் சட்டத்திற்குப் பஞ்சமிருக்கவில்லை; பயங்கரவாதத் தடைச் சட்டம் நாற்பதாண்டுகளாகக் கையிலிருந்தது. இருந்தும் கொலை தடுக்கப்படவில்லை. பாதுகாப்பு வேண்டுமெனில் உரிமையைத் துறக்கவேண்டும் என்போருக்குச் சாய்ந்தமருது தரும் மறுமொழி இதுவே. அஞ்சாது வாய்திறக்கும் மக்களே காவல். வாயடைக்கப்பட்ட மக்கள் எவருக்கும் காவலாகார்.

ஆயினும் விலங்கு யார்மேல் விழுந்தது? நூற்றுக்கணக்கான முஸ்லிம்கள் பிடிக்கப்பட்டனர். கப்பற் சுக்கானின் உருவம் பொறித்த சட்டை அணிந்த ஒரு பெண்மணி, அது தர்மசக்கரம் என்று கருதப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். 2020 மே மாதத்திலே, மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜசீம் என்னும் இளங்கவிஞர், தமிழ் கற்பிக்கும் ஆசிரியர், 'நவரசம்' என்ற தம் கவிதை நூலின் பெயரால் கைதுசெய்யப்பட்டார். வன்முறையைச் சாடும் கவிதைகளும் அந்நூலில் உள்ளன. படித்துப் பார்க்கும் பொறுமை பிடித்தோருக்கு இல்லை. ஒன்றரை ஆண்டுகள் சிறையிலிருந்து, 2021 டிசெம்பரிற் பிணையில் வந்தார். 2023 டிசெம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அப்பொழுது அடுத்த ஊர்த் தமிழ் அன்பர் சிலர், இது அவர்களுக்கும் அரசுக்கும் உள்ள விவகாரம் என்றனர். நாம் 1990இல் இருந்த அதே இடத்தில் அவர்கள் இருந்தனர். நம்மிடம் கற்ற பாடத்தையே நமக்குத் திருப்பிச் சொன்னார்கள். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை.

சிங்கள மக்களையும் இச்சட்டங்கள் விட்டுவைக்கவில்லை. 2019 ஏப்ரலிற் சக்திக சத்குமார என்னும் சிங்கள எழுத்தாளர், பௌத்த மடத்தைப் பற்றிய ஒரு சிறுகதைக்காக, மனித உரிமையின் பெயர் தாங்கிய 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் மாதக்கணக்கில் மறியலில் வைக்கப்பட்டார். 2022இல், பசியாலும் எரிபொருட் பஞ்சத்தாலும் மக்கள் காலிமுகத்திடலில் திரண்டு ஆட்சியை அகற்றியபின், பல்கலைக்கழக மாணவர் தலைவர் வசந்த முதலிகே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் ஐந்து மாதங்களுக்கு மேல் அடைக்கப்பட்டார். அவ்வாண்டுத் திருத்தம் தடுத்துவைக்கும் காலத்தைப் பன்னிரண்டு மாதங்களாகக் குறைத்ததேயன்றி, சட்டத்தை நீக்கவில்லை. தமிழனுக்கென்று செய்த விலங்கு முஸ்லிமின் கையிலும், பின்னர் சிங்கள மாணவனின் கையிலும் ஏறிற்று. பிரேஸ்கேடில் நின்ற அதே காலிமுகத்திடலிலே எழுந்த போராட்டத்திற்கும் அதுவே பரிசாயிற்று.

எனினும் இவ்வரலாறு இருளோடு முடிவதன்று. 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலிலிருந்து பொலிகண்டி நோக்கி ஒரு நடைபயணம் புறப்பட்டது. கொரோனாவால் மாண்ட முஸ்லிம்களின் உடல்கள், சமயத்திற்கு மாறாக, வலிந்து எரிக்கப்பட்டு வந்த காலம் அது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குக, அரசியற் கைதிகளை விடுவிக்குக, முஸ்லிம்களின் சனாசாக்களை எரிக்காதே, மலையகத் தொழிலாளருக்கு ஆயிரம் ரூபா நாட்கூலி வழங்குக என்ற கோரிக்கைகள் ஒரே பயணத்தில் ஒன்றாக ஒலித்தன. நம் ஊர்களின் வீதிகளிலே முஸ்லிம்கள் அதனோடு இணைந்து நடந்தனர். அம்மாத இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் 1990இன் பின் இவ்வீதியிலே இருசாராரும் ஒருவர் துயரை மற்றவர் வாயாற் சொன்ன நாள்கள் மிகச் சில. முல்லோயாக் கோவிந்தனின் கூலிக் கோரிக்கையும், தடுப்பிலிருந்து மீளாத மகனுக்காக அழும் தாயின் கோரிக்கையும், தந்தையின் சனாசாவை மண்ணில் அடக்க விரும்பும் மகனின் கோரிக்கையும் ஒரே கோரிக்கை என்பதை அந்நாள்கள் காட்டின.

வகுப்பறையிலே நாம் போரைக் கற்பிக்கிறோம். திகதிகளையும் தளபதிகளையும் மாணவர் மனனஞ் செய்கின்றனர். ஹேர்மிஸ் மூழ்கிய திகதியைச் சொல்லும் மாணவன், அதே வாரத்தில் கண்டிச் சிறையில் யார் இருந்தார், ஏன் இருந்தார் என்பதையும் சொல்லப் பழகவேண்டும். போர் முடிந்தபின் அதன் சட்டங்கள் எங்கே போயின என்று அவன் கேட்கவேண்டும். இதற்குப் புதிய பாடத்திட்டம் வரவேண்டியதில்லை. ஆசிரியனுக்குச் சிறிது துணிவிருந்தாற் போதும். அடுத்த முறை பக்கத்து ஊரிலே ஒருவன் விசாரணையின்றிப் பிடித்துச் செல்லப்படும்போது, அவன் எந்த இனத்தான், எக்கொள்கையான் என்று ஆராய்வதற்கு முன், அவனுக்கு எதிராக உள்ள சான்று யாது, அவனை எந்த நீதிமன்றத்தில் நிறுத்தினீர் என்று கேட்க நாம் முன்வர வேண்டும். அவன் குற்றவாளியாயின் நீதிமன்றம் கூறட்டும். அதுவரை அவன் விலங்கு நம் விலங்கே.